தகரத் தட்டுப் பையன்

தான் சின்ன வயதிலேயே செத்துப்போன கதையை வீரசிங்கம் முதன்முதலாகப் பண்டாரவளையில் ஒரு மண்டபத்தின் பின்வரிசையில், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு கேட்டார்.

மேடையில் மைக்கைப் பிடித்திருந்தவர் தொழிற்சங்கத்தின் மாவட்டத் தலைவர் கஜேந்திரன். அவருக்குப் பின்னால் ஆளுயரத்துக்கும் மேலாகப் பெரிதாக்கிய ஒரு கறுப்பு வெள்ளைப் படம் தொங்கியது. விலா எலும்பு துருத்திக்கொண்டு நிற்கும் ஒரு பையன். இடுப்பில் கந்தல். கையில் காலித் தகரத் தட்டு. தேயிலைத் தோட்டத்து மக்களில் அந்தப் படத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. மே தின ஊர்வலத்திலும் தேர்தல் சுவரொட்டியிலும் சங்கத்து நாட்காட்டியிலும் வருடா வருடம் வந்துபோகும் படம். தகரத் தட்டுப் பையன் என்றாலே போதும், எல்லோருக்கும் விளங்கிவிடும்.

“இந்தப் பிஞ்சு உயிர், படம் எடுத்து ஒரு கிழமை, ஏழு நாள், முடியும் முன்னரே பசியால் துடிதுடித்து மடிந்தது, தோழர்களே! அவன் பெயர்கூட நமக்குத் தெரியாது. பஞ்சத்தின் ஐம்பதாவது ஆண்டிலே, அவனுக்கு ஒரு சிலை எழுப்பப் போகிறோம்!”

தலைவரின் குரல் தழுதழுத்தது. முன்வரிசையில் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் ஜெயந்தினி அப்பாவின் கையை இறுக்கிப் பிடித்தாள். அவளுக்கு விவரம் தெரியும். அந்தப் படத்தில் நிற்பது அவளுடைய அப்பா.

எழுபத்து நாலாம் வருடம் அது. பூனாகலைக்கு மேலே ஊசிமலைத் தோட்டத்து தொழிலாளர் வரிசை வீடுகளான மேல் லயத்தில், ஒற்றை அறைக் காம்பராவில் மாடசாமியும் பேச்சாயியும் இரண்டு பிள்ளைகளோடு இருந்தார்கள். மூத்தவன் வீரசிங்கம். இளையவள் செவந்தி, ஓடி விளையாடுகிற வயது. தோட்டத்தில் வேலை குறைந்துகொண்டே போய், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போனவர்களில் பாதிப்பேர் வெறுங்கையோடு திரும்பி வந்தார்கள். அரிசி கண்ணில் படுவதே அபூர்வம். ரேஷன் கூப்பனுக்குக் கிடைத்த மாவும் சுருங்கிப்போனது. மரவள்ளிக் கிழங்கு கிடைத்த வீட்டில் அன்றைக்குத் தீபாவளி. கிடைக்காத வீட்டில் காட்டுச் சேம்பைப் பிடுங்கி வேகவைத்துத் தின்றுவிட்டு, தொண்டை அரிக்க அரிக்கப் படுத்துக் கிடந்தார்கள்.

மாடசாமி ஒரு காலையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கிளம்பினார். “நாட்டுப்பக்கம் எங்கயாச்சும் வேல கெடைக்குதான்னு பாத்துட்டு வர்றேன் புள்ள” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனவர்தான். வெல்லவாயப் பக்கம் பார்த்தேன் என்றார் ஒருவர். ரோட்டோரத்தில் விழுந்து கிடந்தார் என்றார் இன்னொருவர். பேச்சாயிக்குக் கடைசிவரை எது உண்மை என்று தெரியவில்லை. தாலித் தங்கம் முன்னமே மாவாகி வயிற்றுக்குள் போயிருந்தது. மிச்சமிருந்த மஞ்சள் கயிற்றைக் கழற்றுவதா, கட்டியே இருப்பதா என்று சொல்லித்தர யாரும் இல்லாததால், சாகும்வரை அவள் கழுத்தில் அது கிடந்தது.

அவர் போன பிறகுதான் ஜீப் வந்தது. கொழும்பிலிருந்து ஒரு பத்திரிகைக்காரரும், கூடவே சங்கத்து ஆட்களும். தோட்டத்துப் பட்டினியைப் படம் பிடித்துப் போட்டால் அரசாங்கம் கண்ணைத் திறக்கும் என்று சொன்னார்கள். லயத்துச் சனமெல்லாம் வந்து நின்றது. அவர்களுக்குள் இந்தப் பையனைத்தான் பத்திரிகைக்காரருக்குப் பிடித்தது. கேமராவை முதன்முதலாகப் பார்த்த வீரசிங்கம் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தான்.

“சிரிக்காத தம்பி” என்றார் சங்கத்து ஆள். “சிரிச்சா பட்டினின்னு ஆரு நம்புவா?”

பையன் வாயை மூடிக்கொண்டான். கையில் ஏதாவது இருந்தால் நன்றாயிருக்கும் என்று பத்திரிகைக்காரர் சொல்ல, யாரோ உள்ளே போய்ச் செவந்தியின் தட்டை எடுத்து வந்து கொடுத்தார்கள். செவந்தி வாசல் திண்ணையான இஸ்தோப்பின் படிக்கட்டோரம் சாய்ந்து கிடந்தாள். உட்காரத் தெம்பில்லை. ஒரு கை மட்டும் படியின் மேல் நீண்டு கிடந்தது.

“ஐயா, பாப்பாவையும் சேத்து எடுங்க” என்று பேச்சாயி கும்பிட்டாள். “அதுக்கு ஒரு படங்கூட இல்ல.”

“ரெண்டு பேரும் படத்துல விழுந்திருக்காங்கம்மா” என்றார் அவர்.

போகும்போது பாண் ரொட்டி ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். பேச்சாயி அதைத் தண்ணீரில் ஊறவைத்து விரலால் மகளின் வாயில் வைத்தாள். உள்ளே இறங்கவில்லை. ஒரு பக்கத்தால் போனது மறு பக்கத்தால் வழிந்தது. பத்திரிகையில் படம் வருவதற்கு முன்பே செவந்தி போய்விட்டாள். குழி வெட்ட வந்த ஆண்களுக்கு மண்வெட்டியைத் தூக்கவே வலுவில்லை. முழங்கால் ஆழத்துக்கு மேல் அவர்களால் தோண்ட முடியவில்லை. பன்றி கிளறிவிடாமலிருக்க மேலே கல்லைப் பரப்பினார்கள்.

பத்திரிகை தோட்டத்துக்கு வந்தபோது கணக்கப்பிள்ளை அதைப் பேச்சாயியிடம் காட்டினார். படத்தை நறுக்கிப் போட்டிருந்தார்கள். நடுவில் தட்டோடு மகன். மகளைக் காணவில்லை. கீழ் ஓரத்தில், படிக்கட்டு தெரிகிற இடத்தில், நான்கு விரல்கள் மட்டும் தெரிந்தன. தெரியாதவர்கள் அதை மை கொட்டிய கறை என்று நினைத்துக்கொள்வார்கள். பேச்சாயி அந்த விரல்களைத் தன் விரலால் ஒருமுறை தடவிவிட்டுப் பேப்பரைத் திருப்பிக் கொடுத்தாள்.

வீரசிங்கம் பிழைத்துக்கொண்டான். அவ்வளவுதான். ஏன் அவன் பிழைத்தான், ஏன் அவள் போனாள் என்று யாராலும் சொல்ல முடியாது. வளர்ந்ததும் தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோரில் கொழுந்து வாட்டும் மேல்மாடியில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே தூசியும் சூடும் முப்பது வருடம் நெஞ்சுக்குள் போயின. தனலெட்சுமியைக் கட்டினார். ஜெயந்தினி பிறந்தாள். அவர் பிறந்த அதே காம்பராவில்தான் எல்லாம் நடந்தது. படத்தில் பையனுக்குப் பின்னால் தெரிகிற கதவுக்கு இரண்டு தரம் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். மற்றப்படி அதே கதவுதான்.

இருபது வயதில் ஒரு வேலைநிறுத்தக் கூட்டத்தில் தன் படத்தை ஒரு தட்டியில் கண்டார். தோட்டத்துச் சங்கத் தலைவரிடம் போய், “அண்ணே, இது நான்தாங்க” என்றார்.

அவர் சிரித்தார். “அந்தக் காலத்துல நம்ம எல்லாப் புள்ளைங்களும் இப்பிடித்தான்டா இருந்துச்சு. பெரும பேசாத, போ.”

அதற்குப் பிறகு வீரசிங்கம் யாரிடமும் சொல்லவில்லை. படமோ அவரை விடவில்லை. ஒரு தேர்தல் காலத்தில் கோயில் சுவரில் வரிசையாக ஒட்டியிருந்தார்கள். மாட்டுப் பட்டியிலிருந்து திரும்பி வந்த பேச்சாயி, சாணிக் கையோடு அதை இழுத்துக் கிழித்தாள். சங்கத்துப் பையன்கள் சண்டைக்கு வந்தார்கள்.

“எம்புள்ளயோட பட்டினியக் காட்டி எங்கிட்டயே ஓட்டு கேக்குறீங்களாடா?” என்று கத்தினாள். கிழவிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். இரண்டு வருடத்தில் அவளும் போய்ச் சேர்ந்தாள்.

நாட்டில் டீசலும் மாவும் இல்லாமல் போன வருடத்தில், லயத்து வீடுகளில் மறுபடி ஒரு நேரச் சாப்பாடு என்றானது. ஒரு நாள் ஜெயந்தினி பண்டாரவளையில் தான் வேலை செய்யும் அஸீஸ் ஹாஜியாரின் துணிக்கடையிலிருந்து வந்து, போனைக் காட்டினாள். யாரோ அந்தப் படத்தை ஃபேஸ்புக்கில் போட்டு, ‘இன்று மலையகத்தில்’ என்று எழுதியிருந்தார்கள். கீழே ஆயிரம் பேர் அழும் முகங்களைப் போட்டிருந்தார்கள். வீரசிங்கம் கோதுமைக் கஞ்சியைக் குடித்துக்கொண்டே அதைப் பார்த்தார். “நல்லாத்தான் இருக்கேன்” என்று மட்டும் சொன்னார். தனலெட்சுமி தலையில் அடித்துக்கொண்டாள்.

இவ்வளவையும் பொறுத்த மனிதருக்குத் தான் செத்ததாக அந்த மண்டபத்தில் கேட்டபோதுகூடப் பெரிதாகக் கோபம் வரவில்லை. ஒரு மாதிரிச் சிரிப்புத்தான் வந்தது. கூட்டம் கலையும் நேரம், கிட்டப்போய்ப் பார்ப்போம் என்று மேடையில் ஏறினார். படத்தின் கீழ் ஓரத்தைக் குனிந்து பார்த்தார். படிக்கட்டு இருந்தது. துடைத்து வைத்ததுபோல் சுத்தமாக இருந்தது. விரல்கள் இல்லை.

“இதுல ஒரு கை இருந்துச்சே. அது எங்க?”

படத்தைப் பெரிதாக்கிக் கொடுத்த மபாஸ் என்ற இளைஞன் அங்கேதான் நின்றான். பதுளையில் அச்சகம் வைத்திருப்பவன். “அது கை இல்லயே அங்கிள், ஏதோ அழுக்கு. பெருசாக்குறப்போ அசிங்கமாத் தெரிஞ்சிச்சு. கம்ப்யூட்டர்ல கிளீன் பண்ணிட்டேன்” என்றான். வேலையைச் சுத்தமாகச் செய்த பெருமை அவன் குரலில் இருந்தது.

வீரசிங்கம் படத்தை விட்டு நிமிர்ந்தார். மைக்குக்குப் பக்கத்தில் யாரோடோ பேசிக்கொண்டிருந்த தலைவரிடம் போனார்.

“தலைவரே, நான் சாகல.”

“என்னங்க?”

“அந்தப் பையன் நான்தாங்க. செத்தது எந்தங்கச்சி. அவ கையத்தான் இந்தத் தம்பி தொடச்சுப்புட்டாரு.”

மைக் இன்னும் அணைக்கப்படாமல் இருந்தது. கலைந்துகொண்டிருந்த கூட்டம் திரும்பிப் பார்த்தது. ஒரு மூலையிலிருந்து சிரிப்பு வந்தது. கஜேந்திரன் தேர்ந்த ஆள். சட்டென்று வீரசிங்கத்தின் தோளில் கைபோட்டு, பக்கத்து அறைக்கு அழைத்துப் போய் நாற்காலியில் உட்காரவைத்தார். பிளேன்டீயும் ரோல்ஸும் வரவழைத்தார். ஜெயந்தினி வாசலில் நின்றுகொண்டாள்.

விஷயத்தை முழுதாகக் கேட்ட பிறகு தலைவர் பெருமூச்சு விட்டார். “நீங்க உசுரோட இருக்கிறது ரொம்ப சந்தோசம்ணே. மெய்யாத்தான் சொல்றேன். ஆனா பாருங்க, அந்தப் பையன் கதையப் போட்டு விழாப் புத்தகம் அச்சாயிருச்சு. வெளிநாட்டுல இருந்தெல்லாம் ஆளு வந்து கதையக் கேட்டுட்டுப் போயிட்டாங்க. இப்பப் போயி அவன் சாகல, ஸ்டோர்ல வேல செஞ்சு பென்சன் போயிட்டான்னு சொன்னா...”

“சொன்னா?”

“பஞ்சமே பொய்யின்னுருவானுங்க. நம்மள எதுக்குறவனுங்களுக்கு அவல் கெடச்ச மாதிரி.”

“அப்ப நான் செத்தாத்தான் பஞ்சம் மெய்யா?”

தலைவர் ரோல்ஸ் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார். “உங்க லயத்துக்கு மண்சரிவு அபாயம்னு சிவப்புக் குறி போட்டிருக்காங்கல்ல? தனி வீட்டுத் திட்டம் வருது. மொத வீடு உங்களுக்குத்தான். நான் பாத்துக்கிறேன்.”

வீடு வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்து வர வீரசிங்கத்துக்கு மனம் வரவில்லை. மழை பெய்தால் தனலெட்சுமி விடிய விடியக் குந்தியிருப்பது அவருக்குத்தான் தெரியும். “வீடு குடுங்க, வேணாங்கல” என்றார். “ஆனா அந்தச் செலைக்குக் கீழ எந்தங்கச்சி பேரப் போடுங்க. செவந்தி. வேற ஒண்ணும் கேக்கல.”

“போட்ருவோம்ணே” என்று தலைவர் அவர் கையைப் பிடித்து அழுத்தினார்.

பஸ்ஸில் வரும்போது ஜெயந்தினி பொருமித் தீர்த்தாள். “வீட்டக் காட்டி வாய மூடிட்டாங்கப்பா. நீங்களும் தலையாட்டிட்டு வர்றீங்க.”

“தலைக்கு மேல கூர இருந்தாத்தானே தலைய நிமித்த முடியும்” என்றார் அவர். சொன்ன பிறகு அவருக்கே அது பிடிக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மாதங்கள் போயின. வீட்டைப் பற்றிக் கேட்டபோதெல்லாம் தலைவர் கொழும்பில் இருந்தார். சிலை மட்டும் சொன்ன நேரத்துக்கு வந்து தோட்டச் சந்தியில் இறங்கியது. எங்கிருந்தோ சீமேந்தில் செய்து, லொறியில் கொண்டுவந்திருந்தார்கள். செய்தவருக்குப் பசித்த பிள்ளையைப் பார்த்துப் பழக்கமில்லை போலிருக்கிறது. கன்னம் உப்பலாக, தொடை தடியாக, கோயில் கோபுரத்துப் பொம்மை மாதிரி இருந்தது. கீழே பளிங்குக் கல்லில், ‘பசிக்குப் பலியான பெயர் அறியாச் சிறுவன்’ என்று பொறித்திருந்தார்கள். செவந்தி இல்லை.

திறப்பு விழாவுக்கு முதல் நாள் சங்கத்து ஆள் ஒருவர் காம்பராவுக்கு வந்தார். “மாலை போடக் குடும்பத்துல ஒருத்தர் வேணுமாம். தலைவர் உங்களத்தான் சொன்னாரு. இறந்த சிறுவனின் சகோதரன்னு அறிவிப்போம். ரெண்டு வார்த்த பேசவும் செய்யலாம்.”

தனலெட்சுமி அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். “அடப் பாவிங்களா! எம்புருசன அவருக்கே மால போடச் சொல்றீங்களே, நாக்கு கூசல?”

வந்தவர் தரையைப் பார்த்தார். அவள் துடைப்பத்தை எடுக்கப் போவதற்குள் வீரசிங்கம் கையமர்த்தினார். “வர்றேன்னு சொல்லுங்க” என்றார். மனைவி அவரை வெறித்துப் பார்த்தாள். அன்றைக்கு அவள் அவரோடு பேசவில்லை.

மறுநாள் சந்தியில் வாழை மரம் கட்டி, தப்படித்து, ஏகப்பட்ட கூட்டம். கார்கள் வரிசையாக நின்றன. பெயரை அறிவித்ததும் வீரசிங்கம் வேட்டியைச் சரிசெய்துகொண்டு போனார். மாலையை வாங்கினார். அதைச் சிலையின் கழுத்தில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு மைக்குக்கு முன்னால் நின்றார். குரல் முதலில் கரகரத்தது. தூசி தின்ற நெஞ்சு.

“எம்பேரு வீரசிங்கம். மாடசாமி மகன். தகரத் தட்டு வச்சிருந்த பையன் நான்தான். நான் சாகல. செத்தது எந்தங்கச்சி செவந்தி. அந்தத் தட்டு அவளோடது. இவுங்க குடுத்த பாணு அவ தொண்டையில எறங்கல. மேலு மலையில, பழைய இருபதாம் நம்பர்த் தேயிலக் காட்டுல, கல்லு பரப்பின எடத்துல கெடக்கா. இந்தக் கல்லுல அவ பேரு இல்ல. அவ கையயும் படத்துல இருந்து தொடச்சுட்டாங்க...”

அதற்குமேல் மைக்கில் சத்தம் வரவில்லை. யாரோ கண்ணைக் காட்ட, தப்பு மேளம் முழங்கியது. பட்டாசு வெடித்தது. கஜேந்திரன் சிரித்த முகத்தோடு வந்து, வீரசிங்கத்தின் கையிலிருந்த மாலையை வாங்கித் தானே சிலைக்குப் போட்டார். போட்டோக்காரர்கள் அதைத்தான் எடுத்தார்கள். அடுத்த நாள் பேப்பரில் வந்ததும் அதுதான். வீரசிங்கம் நின்ற இடத்தில் ஒரு வாழை இலையின் நுனி தெரிந்தது.

வீடு இனி இல்லை என்பது சொல்லாமலே விளங்கிவிட்டது. ஆனாலும் அன்றைக்கு ராத்திரி தனலெட்சுமி அவருக்கு முட்டை பொரித்து வைத்தாள். “பேசிட்டீங்கல்ல, அது போதும்” என்றாள். ஜெயந்தினி கடையிலிருந்து போன் பண்ணினாள். ஹாஜியார்கூடக் கேட்டுவிட்டு, உங்க வாப்பா ஆம்பளதான் என்றாராம். அந்த ஒரு நாள் வீரசிங்கத்துக்கு நெஞ்சு கொஞ்சம் லேசாகத்தான் இருந்தது.

இரண்டு நாள் கழித்து, சாயங்கால மழை விட்ட நேரத்தில் அங்கம்மா வந்தாள். கீழ் லயத்தில் தனியாக இருக்கும் கிழவி. பேச்சாயியோடு ஒரே நிரையில் கொழுந்து பறித்தவள். குச்சியை ஊன்றி ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது. இஸ்தோப்பில் உட்காரச் சொன்னார்கள். தேத்தண்ணி வேண்டாம் என்றாள்.

“ஒந்தங்கச்சி பேர ஊரறியச் சொல்லிட்ட” என்றாள். குரலில் பாராட்டு இல்லை.

“ஆமாங்க அத்த.”

“எனக்கு ரெண்டு போச்சுடா அந்த வருசம். ஒரே மாசத்துல ரெண்டு. எம்புள்ளைங்கள எந்த ஜீப்பு வந்து படம் புடிச்சிச்சு? ஒனக்காச்சும் தொடைக்கிறதுக்கு ஒரு கை இருந்துச்சு. அந்த மைக்குல எம்புள்ளைங்க பேரயும் சேத்துச் சொல்லியிருந்தா ஒன் வாயி வெந்தா போயிரும்?”

வீரசிங்கம் திகைத்துப் போனார். இத்தனை வருடமாக அவருக்கு அது தன் வீட்டுச் சாவாக மட்டுமே இருந்தது. எதிரே உட்கார்ந்திருந்தவளின் மூத்த பையனோடு அவர் கோலிக்குண்டு விளையாடியிருக்கிறார். அந்தப் பையனின் முகம் லேசாக நினைவுக்கு வந்தது. பெயர் வரவில்லை.

“தெரியாமப் போச்சுங்க அத்த. நான் அத நெனைக்கல” என்றார். “இப்ப சொல்லுங்க. பேரு என்ன?”

அங்கம்மா கொஞ்ச நேரம் குச்சியின் முனையால் ஈர மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

“மூத்தவன் முத்துக்கறுப்பன்.”

“சின்னது?”

“சின்னதுக்குப் பேரு வைக்கலடா” என்றாள். “பேரு வைக்கணும்னா நாலு பேரக் கூட்டி ஒரு வா சோறு போடணும்ல. சோத்துக்கு எங்க போக? கையில கொஞ்சம் கெடச்சதும் வச்சுக்கலாம்னு இருந்தோம். அதுக்குள்ள போயிருச்சு.”

தனலெட்சுமி கதவோரமாகத் திரும்பி நின்று மூக்கைச் சிந்தினாள். சந்திப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. கிழவி எழுந்தபோது வீரசிங்கமும் எழுந்தார். ஈரப் படிக்கட்டு வழுக்கும் என்று சொல்லி அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, கீழ் லயம்வரை கூடவே நடந்தார்.